அயர்லாந்து இசைத்தட்டில் ஒரு ‘ச்சு’

அந்தப் பிள்ளையின் வயலின் சத்தம் ஏறியதைக் காதால் கேட்பதற்கு முன்பே கண்ணால் பார்த்துவிட்டேன். ஒஸ்லோவில் ஹவுகெட்டோ என்ற இடத்தில் ஒரு பள்ளிக்கூட மண்டபம், சனிக்கிழமைப் பகல், வயலின் அரங்கேற்றம். நான் மண்டபத்தின் கடைசியில் ஒலி மிக்சருக்குப் பின்னால் நின்றிருந்தேன். மேடையில் பிள்ளை பயந்து பயந்து வில்லை இழுத்துக்கொண்டிருந்தாள். மிக்சரில் அவளுக்குரிய பச்சை விளக்குகள் பாதிக்கு மேல் ஏறவே மாட்டோம் என்று அடம்பிடித்தன. அப்போது முதல் வரிசையிலிருந்து சிவநேசன் மாமா நாக்கை அண்ணத்தில் ஒட்டி எடுத்து ‘ச்சு’ என்றார். தலையை ஆட்டி, “ஆகா” என்றார். அவ்வளவுதான். நான் எதையும் தொடவில்லை, சத்தியமாக. பிள்ளையின் தோள்கள் இறங்கின, வில் நீண்டது, பச்சை விளக்குகள் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறி மஞ்சளைத் தொட்டன.

எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. அதற்கு முதல் நாள் வெள்ளிக்கிழமை ஐரிஷ்காரர்களின் கச்சேரியைப் பதிவுசெய்து நாங்கள் எப்படிக் கெடுத்தோம் என்பது அந்தக் கணத்தில்தான் விளங்கியது. எல்லா மைக்கையும் சரியான இடத்தில் வைத்திருந்தோம். கேட்கிறவர்களைத்தான் வாயடைத்து வைத்திருந்தோம்!

கொஞ்சம் பொறுங்கள், ஒழுங்காகச் சொல்கிறேன். நான் ஓய்வு பெற்ற ஒலிப்பதிவாளர். வயது முப்பத்திரண்டு. சிரிக்காதீர்கள், ஓய்வு என்றுதான் நான் சொல்வேன். படிப்பு முடிந்ததிலிருந்து இந்தப் பங்குனி வரை ஒரே வேலை, ஒரே வான் வண்டி, ஒரே மேலாளர். இப்போது அந்த வேலையிலிருந்து இறங்கிவிட்டேன். எங்கள் தமிழ்ப் பாடசாலை மாணவர்கள் சிலர், “அக்கா, உங்கட வேலை என்னெண்டு இருந்தது, எழுதித் தாங்கோ” என்று ஆண்டு மலருக்காகக் கேட்டார்கள். எழுத உட்கார்ந்தால் மற்ற எல்லாக் கச்சேரிகளையும் தள்ளிக்கொண்டு அந்த ஐரிஷ் கச்சேரிதான் முன்னால் வந்து நிற்கிறது. ஆகவே அதையே எழுதுகிறேன்.

பயின்ற காலத்தைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. பள்ளிக்கூடம் போகும்போதே நம்மவர் விழாக்களில் மைக் பிடிக்கும் பிள்ளை நான்தான். “தர்சி, சத்தம் காணாது!” என்று ஒருவர் கத்துவார், “தர்சி, காது கிழியுது!” என்று பக்கத்திலிருப்பவர் கத்துவார். இருவருக்கும் தலையாட்டிவிட்டு ஒன்றையும் மாற்றாமல் இருக்கப் பழகினேன். பிறகு ஒலி தொழில்நுட்பம் படித்தேன். அம்மா தாதிப் படிப்புப் படிக்கச் சொல்லி, அதை விட்டு, கடைசியில் “எங்கையாவது மாதச் சம்பளம் வந்தால் சரி” என்றார். அப்படித்தான் சிக்ருனின் வானில் போய் ஏறினேன்.

சிக்ருன் என் மேலாளர். நாற்பத்தைந்து வயதிருக்கும், டிரம்சோவுக்குப் பக்கத்தில் ஒரு தீவிலிருந்து வந்தவள். அவளுடைய வானுக்குள் ஒரு ஒலிப்பதிவுக் கூடமே இருந்தது. மேசை, திரை, பெட்டி பெட்டியாக மைக்குகள். எங்கே கச்சேரியோ அங்கே போய், மண்டபத்துப் பின்னறையில் சாமான்களை இறக்கிப் பதிவுசெய்வோம். நோர்வேயில் மேலாளரையும் ‘நீ’ என்றுதான் அழைப்போம். அவள் பேசியது நோர்வேஜிய மொழி, ஐரிஷ்காரர்கள் பேசியது ஆங்கிலம். ஆனால் என் ஞாபகத்தில் எல்லோருமே யாழ்ப்பாணத் தமிழில்தான் கதைக்கிறார்கள். அப்படியே எழுதிவிடுகிறேன்.

புது மண்டபத்துக்குள் போனால் சிக்ருன் முதலில் செய்வது ஒரு பலூனை ஊதுவது. நடுவில் நின்று ஊசியால் குத்துவாள். ‘டப்’. கண்ணை மூடிக்கொண்டு, அந்தச் சத்தம் எங்கே போய் எந்தச் சுவரில் மோதி எப்படித் திரும்பி வருகிறது என்று கேட்பாள். பிறகு ஒவ்வொரு மூலையிலும் ஒரு பலூன். அதற்குப் பிறகுதான் பெட்டியைத் திறப்போம். கேபிளை யாராவது முழங்கையில் சுற்றினால் அவள் முகம் கறுத்துவிடும். ஒரு வளையம் மேலே, ஒரு வளையம் கீழே என்று மாற்றி மாற்றித்தான் சுற்ற வேண்டும், அப்போதுதான் அடுத்த முறை முறுக்கில்லாமல் விரியும். மண்டபத்துச் சமையலறையில் குளிர்சாதனப் பெட்டி இரைந்தால் அதை நிறுத்திவிட்டு, வானின் சாவியை அந்தப் பெட்டிக்குள்ளேயே வைப்பாள். சாவி இல்லாமல் வீட்டுக்குப் போக முடியாது, சாவியை எடுக்கப் போனால் பெட்டியைத் திரும்பப் போட ஞாபகம் வரும். இது எனக்கு மிகவும் பிடித்த பாடம். இன்றைக்கும் என் சாவி எப்போதும் குளிராகத்தான் இருக்கும்.

அவளுக்குக் கோபம் வந்தால் குரல் உயராது, குறையும். மிகவும் கோபம் என்றால் மெழுகுதாளில் சுற்றிய பாணை, ரொட்டியைத்தான், எடுத்துச் சாப்பிடத் தொடங்குவாள்.

ஐரிஷ்காரர்கள் நாலு பேர், எல்லோரும் ஒஸ்லோவில் வேலை செய்கிறவர்கள். தலைவி நீவ், வயலின் வாசிப்பவள். நம் வயலின்தான், அவர்கள் ஃபிடில் என்பார்கள், தரையில் உட்கார்ந்து காலில் ஊன்றாமல் கழுத்தில் வைப்பார்கள். கொலம் என்பவன் பைப் வாசிப்பான். வாயால் ஊதும் பைப் இல்லை. ஒரு முழங்கைக்குக் கீழே துருத்தி, மற்ற முழங்கைக்குக் கீழே காற்றுப் பை, மடியில் குழல்கள். உட்கார்ந்துகொண்டு இரண்டு முழங்கையாலும் காற்றை அமுக்கி அமுக்கி வாசிப்பான். மற்ற இருவரில் ஒருத்தி புல்லாங்குழல், ஒருத்தன் கிட்டார். பல வருடம் சேர்ந்து வாசித்தவர்கள், ஒரு இசைத்தட்டுக்கூடப் போட்டதில்லை. இப்போது கொலம் குடும்பத்தோடு கனடாவுக்குப் போகிறான், திங்கட்கிழமை விமானம். ஆகவே வெள்ளிக்கிழமை மாலை ஒரு கச்சேரி, ஞாயிறு பின்னேரம் ஒரு கச்சேரி, இரண்டிலும் நல்லதை எடுத்து ஒரு இசைத்தட்டு. அதற்குப் பிறகு அந்தக் குழு இல்லை. பதிவு பிழைத்தால் பிழைத்ததுதான்.

வெள்ளிக்கிழமை நாங்கள் எல்லாம் மிகச் சரியாகச் செய்தோம். ஆற்றங்கரையில் ஒரு பழைய மண்டபம், மரத்தளம். நீவ் வாசிக்கும்போது காலால் தரையைத் தட்டுவாள். ‘டொம் டொம்’ என்று மைக்கில் விழுகிறதே என்று தடித்த கம்பளம் விரித்தோம். வாசலில் ஒரு அறிவித்தல் ஒட்டினோம்: பதிவு நடைபெறுகிறது, ஒவ்வொரு உருப்படியும் முடிந்து ஒலி முற்றாக அடங்கும் வரை தயவுசெய்து கைதட்ட வேண்டாம்.

நோர்வேக்காரரிடம் இப்படி ஒரு அறிவித்தலைக் காட்டினால் என்ன நடக்கும் என்று உங்களுக்குத் தெரியும். அதை அப்படியே கடைப்பிடித்தார்கள். ஒரு இருமல் இல்லை. ஒருவர் மேற்சட்டையைக் கழற்றக்கூட உருப்படி முடியும்வரை காத்திருந்தார்.

கச்சேரி முடிந்து நீவ் பின்னறைக்கு வந்து ஹெட்போனைப் போட்டுக்கொண்டு கேட்டாள். இரண்டு உருப்படி கேட்டுவிட்டுக் கழற்றினாள்.

“நல்ல துப்புரவா இருக்கு” என்றாள்.

“நன்றி” என்றாள் சிக்ருன்.

“எங்கட ஊரிலை செத்தவீட்டிலை கூட இதைவிடச் சத்தம் கேக்கும்.”

சிக்ருன் பாணை எடுத்தாள்.

நீவ் கோபப்படவில்லை, அதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது. “உங்களிலை பிழை இல்லை. ஆனால் இதை நான் வெளியிட மாட்டன். இது நாங்கள் இல்லை. பேசாமல் விடுவம். ஞாயிறு சும்மா வாசிச்சிட்டுப் போறம்” என்று வயலினைப் பெட்டிக்குள் வைத்து மூடினாள். கொலம் கதவருகில் நின்று தன் சப்பாத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

அடுத்த நாள்தான் ஹவுகெட்டோ அரங்கேற்றம், அந்த ‘ச்சு’, அந்தப் பச்சை விளக்குகள். இடைவேளையில் பாடசாலை முற்றத்துக்கு ஓடிப்போய் சிக்ருனுக்குத் தொலைபேசி எடுத்தேன். மூச்சு வாங்கியது.

“சிக்ருன், நாளைக்கு முன்வரிசையை எனக்குத் தா.”

“ஆருக்கு?”

“எங்கட ஆக்களுக்கு. இப்ப இஞ்சை முன்வரிசையிலை இருக்கிற ஆக்களை அப்படியே தூக்கிக்கொண்டு வாறன்.”

“அவைக்கு ஐரிஷ் இசை தெரியுமோ?”

“ஒண்டும் தெரியாது.”

“பிறகு?”

“கேக்கத் தெரியும்.”

அவள் சத்தம் குறைந்தது. “தர்சி, ஆள் கூட்டிக்கொண்டுவந்து நடிக்க வைக்கிறதெண்டால் வேண்டாம். பொய்க் கைதட்டு வேணுமெண்டால் நான் கொம்பியூட்டரிலையே போட்டிருப்பன்.”

“நான் அவைக்கு ஒண்டும் சொல்லிக்குடுக்க மாட்டன். வாங்கோ எண்டு மட்டும்தான் சொல்லுவன்.”

“ஒரு சொல்லும் இல்லை?”

“ஒரு சொல்லும் இல்லை.”

“கம்பளத்தையும் எடுக்கச் சொல்லப் போறாய், என்ன?”

“ஓம். அந்த அறிவித்தலையும்.”

தாள் கசங்கும் சத்தம் கேட்டது. பாண்தான். கடைசியில், “வெள்ளிக்கிழமையைவிட மோசமாகப் போக ஏலாதுதானே” என்றாள். அவளிடமிருந்து அதற்கு மேல் ஒரு சம்மதத்தை நான் எதிர்பார்க்கவில்லை. நீவிடமும் அவளே பேசி, “மைக் வைக்கிறதெண்டால் வையுங்கோ” என்ற பதிலை வாங்கினாள்.

உள்ளே ஓடிவந்து சிவநேசன் மாமாவைப் பிடித்தேன். மாமா அம்மாவின் ஒன்றுவிட்ட தம்பி, பேருந்து ஓட்டுகிறவர். ஒஸ்லோவில் எந்தத் தமிழ்க் கச்சேரி என்றாலும் முதல் வரிசை நடுக் கதிரை அவருடையது.

“நாளைக்குப் பின்னேரம் ஒரு கச்சேரி மாமா. அயர்லாந்து இசை.”

“வெள்ளைக்காரற்றை கச்சேரியோ? எனக்கென்ன பிள்ளை விளங்கும்?”

“வயலின் இருக்கு.”

“மிருதங்கம்?”

“இல்லை.”

“வடை?”

“இனிப்பு வாபிள் இருக்கு.”

“இதை முதலே சொல்லியிருக்கலாமே.”

பக்கத்தில் இருந்த கார்த்திக்கும் ஒட்டிக்கொண்டான். கோயம்புத்தூர்க்காரன், இங்கே கணினி நிறுவனத்தில் வேலை, மிருதங்கம் படிக்கிறான். “அக்கா, நானும் வரலாமா? இவர் ஒரு தாளத்த தப்பா போட்டா திருத்த ஆள் வேணும்ல” என்றான். மாமா அவனை முறைத்த முறைப்பை மைக் பிடிக்காது, அது ஒரு நட்டம்.

ஞாயிறு வெயில் எறித்தது. வைகாசியில் வெயில் வந்தால் ஒஸ்லோ வெறிச்சோடிவிடும். அனுமதிச்சீட்டு வாங்கியவர்களில் பாதிப் பேர் கடற்கரையிலோ காட்டிலோ கிடந்தார்கள். வந்தவர்கள் வழக்கம்போல ஒரு கதிரை விட்டு ஒரு கதிரையில், முன்வரிசையை முற்றாக விட்டுவிட்டு இருந்தார்கள். நீவ் திரைக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தாள். பிறகு வில்லுக்குப் பிசின் தேய்க்கத் தொடங்கினாள்.

அப்போது வாசல் திறந்தது. பட்டுச்சேலை, கோட்டு, வாசனைத் தைலம், இரண்டு கைக்குழந்தை, எல்லாமாக நம்மவர் வந்து இறங்கினார்கள். கதிரைகளைக் குதிரை லாடம்போல மேடையைச் சுற்றி நெருக்கிப் போட்டிருந்தேன். கம்பளம் இல்லை. நீவின் சப்பாத்துக்குப் பக்கத்தில் தரையிலேயே ஒரு மைக். முன்வரிசைக்கு நேர் மேலே இன்னொரு மைக். அதை இணைத்த இடத்தில் சிக்ருன் ஒட்டுநாடாவில் ‘மாமா’ என்று நோர்வேஜிய எழுத்தில் எழுதினாள். அதுதான் அவளுடைய பகிடி.

நாங்கள் இருவரும் பின்னறையில் ஹெட்போனோடு உட்கார்ந்தோம். சின்னத் திரையில் மண்டபம் தெரிந்தது. முதல் உருப்படி தொடங்கியது.

நம்மவர் அசையவே இல்லை.

மாமா தேவாலயத்தில் இருப்பதுபோல இரண்டு கையையும் மடியில் கோத்துக்கொண்டு இருந்தார். இரண்டாவது உருப்படி. மூன்றாவது. சேலைகள் அசையவில்லை. வெள்ளைக்காரர் மண்டபம், வெள்ளைக்காரர் கச்சேரி, பின்னால் இருக்கிறவர்கள் எல்லோரும் சத்தமில்லாமல் இருக்கிறார்கள், நாங்களும் மரியாதையாக இருப்போம் என்று முடிவெடுத்துவிட்டார்கள்! ஒஸ்லோவில் எத்தனையோ வருடம் இருந்து பழகிய நல்ல பழக்கம் அன்றைக்கு வந்து என் கழுத்தை அறுத்தது.

“உங்கட ஆக்கள் நல்ல அமைதியான ஆக்கள்” என்றாள் சிக்ருன், திரையிலிருந்து கண்ணெடுக்காமல்.

ஓடிப்போய் மாமாவின் காதில் ஒரு சொல் சொன்னால் போதும். ஆனால் ஒரு சொல்லும் இல்லை என்று சொல்லியிருந்தேனே. கதிரையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு இருந்தேன்.

நாலாவது உருப்படி தொடங்கியபோது ‘மாமா’ மைக்கில் ஏதோ குசுகுசுத்தது. நான் அதைக் கொஞ்சம் உயர்த்தினேன்.

“ஆதி தாளம், நாலு நாலு” என்றது மாமாவின் குரல்.

“இல்ல அங்கிள், திஸ்ரம். பாருங்க, மூணு மூணா போகுது.”

“தம்பி, நீர் பிறக்க முந்தியே நான் தாளம் போட்டனான்.”

“போடுங்க அங்கிள். ஆனா தப்பா போடுறீங்க.”

திரையில் மாமாவின் கை மடியிலிருந்து கிளம்பியது. தொடையில் ஒரு தட்டு. இன்னொரு தட்டு. தலையைச் சரித்துக் கேட்டார். கார்த்திக் சொன்னது சரி. அவர்கள் ஜிக் என்று சொல்லும் அந்த வகை மூன்று மூன்றாகத்தான் துள்ளும். மாமா அதை வாயால் ஒப்புக்கொள்ளவில்லை, கையால் ஒப்புக்கொண்டார். தட்டு விழ விழ அவர் முகம் மலர்ந்தது. பிடித்துவிட்டார்!

இங்கே ஒரு விஷயம் சொல்ல வேண்டும். ஐரிஷ்காரர்கள் ஒரு மெட்டை மட்டும் வாசித்து நிறுத்த மாட்டார்கள். இரண்டு மூன்றை இடைவெளியில்லாமல் கோத்து வாசிப்பார்கள். ஒன்றிலிருந்து மற்றதுக்குத் தாவும் இடம்தான் உயிர். எப்போது தாவுவார்கள் என்று கேட்கிறவனுக்குத் தெரியாது. நீவ் கொலத்தை ஒரு பார்வை பார்ப்பாள், அவ்வளவுதான். மூன்று மூன்றாகப் போன ஜிக், கண் மூடித் திறப்பதற்குள் நாலு நாலாக ஓடும் ரீலாக மாறிவிடும்.

மாறியது. மாமாவின் கை தூக்கிய தூக்கில் அந்தரத்தில் நின்றது. விழ வேண்டிய இடத்தில் அடி இல்லை!

“ஐயோ, மாத்திப்போட்டாளடா கள்ளி!” என்று மாமா வாய்விட்டுச் சிரித்தார். மண்டபம் முழுக்கக் கேட்டது. கார்த்திக் இரண்டு விரலை வாயில் வைத்து ஒரு விசில் அடித்தான் பாருங்கள், சிக்ருன் ஹெட்போனைக் காதிலிருந்து பிய்த்து எடுத்தாள். சேலைகள் சிரித்தன, குழந்தை ஒன்று வீரிட்டது, மாமாவின் கை புதுத் தாளத்தில் தொடையில் இறங்கியது.

நீவ் திரும்பிப் பார்த்தாள். அவள் முகத்தில் வெள்ளிக்கிழமை முழுக்க இல்லாத ஒன்று வந்தது. “ஹப்!” என்று கத்தினாள். கால் மரத்தளத்தில் இடியாக விழுந்தது. தாவும் இடத்தில் கேட்கிறவன் சத்தம் போடுவதற்காகத்தான் அவர்கள் தாவுகிறார்கள். அவளுடைய ஊரில் எல்லோரும் செய்வதை எங்கள் மாமா பிடிபட்ட அவமானத்தில் செய்துவிட்டார்.

அதன்பிறகு பின்வரிசை நோர்வேக்காரர்களுக்கும் துணிச்சல் வந்தது. முதலில் ஒரு சப்பாத்து, பிறகு பல சப்பாத்து, மண்டபமே அதிர்ந்தது. சிக்ருனின் விரல்கள் மேசையில் பறந்தன, எல்லாவற்றையும் இறக்கிக்கொண்டிருந்தாள். “கூடிப்போச்சு, கூடிப்போச்சு” என்றாள். ஆனால் அவளுடைய காலும் மேசைக்குக் கீழே ஆடியது. நான் பார்த்தேன்.

ஒவ்வொரு தாவலுக்கும் மாமாவும் கார்த்திக்கும் முன்கூட்டியே பந்தயம் பிடித்துக் காத்திருந்தார்கள். நீவ் அவர்களை ஏய்ப்பதற்கென்றே இடம் மாற்றி மாற்றித் தாவினாள். மேடைக்கும் முன்வரிசைக்கும் ஒரு விளையாட்டு நடந்துகொண்டிருந்தது. அதைத்தான் நாங்கள் பதிவுசெய்தோம்.

பிறகு கொலம் தனியாக வாசித்தான். தாளமே இல்லாத ஒரு நீண்ட மெட்டு. நம் ஆலாபனை போல என்று சொல்லலாம். மூச்சு விட்டு, நின்று, திரும்ப எடுத்து, ஒரே சுரத்தைச் சுற்றிச் சுற்றி வரும். வெள்ளிக்கிழமை அவன் இதைக் கடகடவென்று முடித்துவிட்டான். மண்டபம் அடங்கியது. மாமா கையை மடியில் வைத்தார்.

என் ஹெட்போனில் ‘ச்சு’ என்றது.

சிக்ருன் நிமிர்ந்தாள். கொலம் அடுத்த வரியை எடுத்தான், நின்றான். ‘ச்சு’.

“கேபிள்” என்றாள். முகம் வெளுத்துவிட்டது. கேபிள் உள்ளே அறுந்தாலோ இயந்திரங்கள் ஒன்றோடொன்று ஒத்து ஓடாமல் போனாலோ இப்படித்தான் ‘டிக், டிக்’ என்று வரும். வந்தால் அந்தப் பதிவைத் தூக்கி எறிய வேண்டியதுதான். அவள் இன்னொரு கேபிளைத் தோளில் போட்டுக்கொண்டு கதவுக்குப் பாய்ந்தாள். மேடைக்கே போய், வாசித்துக்கொண்டிருக்கும் கொலத்தின் மடிக்குக் கீழே குனிந்து மாற்றப் போகிறாள்! நான் அவள் சட்டைக் கையைப் பிடித்து இழுத்தேன். கிழிந்தது.

“விடு!”

“கேபிள் இல்லை. அது மனுசன்.”

“என்ன மனுசன்?”

“மாமா.”

நாக்கை ஒட்டி எடுத்து, “ச்சு” என்று செய்து காட்டினேன். சிக்ருன் என் வாயையே பார்த்தாள். பிறகு திரையைப் பார்த்தாள். மாமா கண்ணை மூடித் தலையை மெதுவாக ஆட்டிக்கொண்டிருந்தார். கொலம் ஒரு சுரத்தில் போய் நின்றான். மாமாவின் வாய் அசைந்தது. ‘ச்சு’.

“அவருக்குப் பிடிக்கேல்லையோ?”

“பொறுக்கேலாமல் பிடிச்சிருக்கு.”

அவள் கிழிந்த சட்டைக் கையோடு திரும்ப வந்து உட்கார்ந்தாள். இருவரும் மூச்சுவிடாமல் கேட்டோம். கொலம் முடிக்க வேண்டிய இடத்துக்கு வந்து, முடிக்காமல், முதலிலிருந்து இன்னொரு முறை எடுத்தான்.

கச்சேரிக்குப் பிறகு வாபிள் வரிசையில் கொலம் மாமாவைத் தேடிப் பிடித்துக் கையைக் குலுக்கினான். “என்ரை பேரனார் வாசிக்கேக்கை ஊராக்கள் ‘நல்லது ராசா’ எண்டு சொல்லுவினம்” என்றான். நான் மொழிபெயர்த்தேன். மாமாவுக்கு வெட்கம் வந்துவிட்டது. “நான் ஒண்டும் சொல்லேல்லையே” என்றார். உண்மைதான், அவருக்கே தெரியாமல்தான் செய்திருக்கிறார்.

ஆனால் கஷ்டமான வேலை அதன்பிறகுதான் இருந்தது. கொலம் கனடா போய்விட்டான். ரீல், ஜிக் எல்லாம் பொன். அந்தத் தாளமில்லாத மெட்டுத்தான் இசைத்தட்டின் நடுநாயகம், அதில் மட்டும் ‘ச்சு’. “காதுள்ள எவனும் இதைக் கேபிள் பழுது எண்டுதான் சொல்லுவான். கீழை என்ரை பேர் இருக்கும்” என்றாள் சிக்ருன். சொன்னது நியாயம். ஒவ்வொரு ‘ச்சு’வையும் திரையில் பெரிதாக்கி, முள் எடுப்பதுபோல எடுத்தாள். அப்படி நுணுக்கமான கை வேறு எவருக்கும் இல்லை. ஒரு தடமும் இல்லாமல் துடைத்துவிட்டாள்.

நீவ் வந்தாள். துடைத்ததைப் போட்டுக் காட்டினோம். பாதிவரை கேட்டுவிட்டு, “இவன் ஏன் இவ்வளவு நேரம் நிக்கிறான்?” என்றாள்.

எங்களுக்கும் அப்போதுதான் உறைத்தது. கொலம் ஒவ்வொரு வரி முடிவிலும் நிற்கிறான், நின்று எதற்கோ காத்திருக்கிறான். அது வந்த பிறகுதான் அடுத்த வரியை எடுக்கிறான். ‘ச்சு’வை எடுத்துவிட்டால், அவன் வழி மறந்தவன்போல நிற்கிறான். மாமாவைத் துடைத்தால் கொலமும் கெட்டுப்போகிறான்.

“அப்ப வைக்கத்தான் வேணும்” என்றேன்.

“வைச்சால் பழுது.”

“எடுத்தாலும் பழுது” என்றாள் நீவ். “அப்ப இதை விடுவமோ?” அவளுடைய குரல் வெள்ளிக்கிழமைக் குரலாக மாறிக்கொண்டு வந்தது.

எனக்குள் ஏதோ துள்ளியது. “பொறுங்கோ! ‘ச்சு’ தனிய நிக்கிறபடியாலைதானே பழுதுமாதிரிக் கிடக்கு? அதுக்கு ஒரு உடம்பு குடுப்பம். மாமாவைக் குறைக்காமல் கூட்டுவம்!”

சிக்ருன் என்னைப் பார்த்தாள். அவள் கை மெதுவாக ‘மாமா’ என்று எழுதிய இடத்துக்குப் போய் அதை மேலே தள்ளியது. கதிரை கிரீச்சிட்டது. சேலை சரசரத்தது. யாரோ மூச்சை இழுத்தார். குழந்தை ஏதோ சொல்ல, தாய் “உஸ்” என்றாள். கொலம் வாசிக்கத் தொடங்குமுன்னரே அந்த இடம் முழுக்க மனிதர்கள் வந்து உட்கார்ந்துவிட்டார்கள். முதல் வரி முடிந்தது, கொலம் நின்றான். ‘ச்சு’. இப்போது அது கேபிள் இல்லை. தலையை ஆட்டும் ஒரு ஆள்.

நீவ் கடைசிவரை கேட்டாள். ஹெட்போனைக் கழற்றவில்லை. திரும்பப் போடச் சொல்லி விரலால் சுழற்றிக் காட்டினாள். சிக்ருன் பாணை எடுத்து, பாதியை உடைத்து அவளுக்குக் கொடுத்தாள்.

இசைத்தட்டு வந்தபோது ட்வெய்ட்டாவில் எங்கள் வீட்டில் மாமாவுக்குப் போட்டுக் காட்டினேன். காதைத் தீட்டிக்கொண்டு கேட்டார். “இடைக்கிடை பல்லி சொல்லுது” என்றார். “அது நீங்கள்தான் மாமா.” “நானோ? பிள்ளை, இதை அழிக்க ஏலாதோ?” அம்மா சமையலறையிலிருந்து, “உன்னை அழிச்சால் அந்தப் பெடியன் நிண்டுபோவானாம், பேசாமல் கிட” என்றார்.

அதன்பிறகு சிக்ருனுடன் எத்தனையோ பதிவு செய்தேன். எல்லாவற்றிலும் அவள் பலூன் உடைத்தாள், நான் கேட்கிறவர்கள் எங்கே இருக்கப் போகிறார்கள் என்று பார்த்தேன். மண்டபத்துக்குள் செய்யக்கூடியது எல்லாம் செய்தாயிற்று என்று தோன்றத் தொடங்கியது. அதனால்தான் இறங்கினேன்.

இப்போது என்ன என்று கேட்கிறீர்களா? தேர்! ஆவணியில் கோயில் தேர் வெளிவீதிக்கு வரும்போது நாதஸ்வரத்தையும் தவிலையும் நடந்துகொண்டே பதிவுசெய்யப் போகிறேன். சுவர் இல்லை, கதிரை இல்லை, பலூனுக்கு வேலை இல்லை. காற்று அடிக்கும், தவில் எல்லாவற்றையும் விழுங்கும். வாசிக்கிறவர் நடப்பார், கேட்கிறவரும் நடப்பார். அந்தச் சனத்தை எந்த மைக்கில் பிடிப்பது? மூன்று வாரமாக இதே யோசனை. போன செவ்வாய் வந்தது விடை: வடம். அத்தனை பேரும் பிடித்து இழுக்கும் தேர் வடத்தில், காற்றுச் சத்தத்தை விட்டு அதிர்வை மட்டும் பிடிக்கும் சின்ன மைக்குகளை ஒட்டினால்? சனம் இழுக்கும் இழுப்பே சத்தமாக வந்தால்?

வருமா என்று தெரியாது. ஒரு தடித்த கயிறு வாங்கிவிட்டேன். சிக்ருனுக்குத் தொலைபேசி எடுத்துச் சொன்னேன்.

“கயிறு என்ன சத்தம் போடும்?” என்றாள்.

“தெரியாது.”

“ஒருத்தரும் முந்திச் செய்யேல்லையோ?”

“நான் கேள்விப்படேல்லை.”

தாள் கசங்கும் சத்தத்துக்காகக் காத்திருந்தேன். வரவில்லை.

“சனிக்கிழமை ஒரு நுனியை நான் இழுக்கிறன்” என்றாள்.